உங்களுக்குத் தெரியுமா? மழை ஓயாத ஊரில் ஒரு துப்பறிவாளர்

எதிர்காலத்தில் நடக்கும் துப்பறியும் கதை, மவுஸைப் பிடித்துக்கொண்டு ஆற அமரத் துழாவ ஒரு நகரம், யாரை நம்புவது என்றே தெரியாத ஒரு கூட்டம். இந்த மூன்றும் சரியாகக் கூடிவந்த கம்ப்யூட்டர் கேம்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1997-இல் வந்த ‘பிளேட் ரன்னர்’ அவற்றில் முதல் வரிசை. படத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறவர்களில்கூடப் பலர் கேம் இருப்பதையே அறிய மாட்டார்கள். அதனால் இந்தப் பக்கம் பெரும்பாலும் அதற்கே. அதன் பங்காளிகள் சிலர் கடைசியில் தலைகாட்டுவார்கள்.

●

ரிட்லி ஸ்காட் இயக்கிய படம் 1982-இல் வந்தது. கதை நடப்பது 2019 நவம்பர், லாஸ் ஏஞ்சலஸ். மனிதர்களைப் போலவே செய்யப்பட்ட ‘ரெப்ளிகன்ட்’களைத் தேடிப் பிடித்துக் கொல்வது பிளேட் ரன்னர் என்ற காவலர்களின் வேலை. வழக்கமாகப் படத்தை வைத்துக் கேம் செய்தால், ஹீரோவை நம் கையில் கொடுத்து, பார்த்த காட்சியையே மறுபடி நடக்கவிடுவார்கள். இங்கே அப்படி இல்லை. அதே ஊர், அதே நாட்கள். படத்தின் ஹீரோ டெக்கார்ட் தன் வேட்டையில் இருக்கும்போது, ரே மெக்காய் என்ற இன்னொரு பிளேட் ரன்னர் வேறொரு கும்பலைத் தேடி அலைகிறார். படத்துக் கதையின் முடிவு தெரிந்திருந்தாலும் கேமில் அதனால் காலணா பிரயோஜனம் இல்லை.

●

மெக்காய் விசாரிக்கப் போகும் முதல் வழக்கில் செத்துக் கிடப்பவை மிருகங்கள். ‘ரன்சிட்டர்ஸ் அனிமல்ஸ்’ என்ற கடைக்குள் புகுந்து சுட்டுத் தள்ளியிருக்கிறார்கள். இதற்குப் போய் சிறப்புக் காவலரா என்று கேட்காதீர்கள். உண்மையான மிருகம் ஏறக்குறைய அழிந்துபோன உலகம் அது. செயற்கை ஆந்தை வாங்கி வைத்துக்கொள்வதே பணக்காரத்தனம் என்னும்போது, நிஜ மிருகத்தைக் கொல்வது கொலைக்குச் சமம்.

ரன்சிட்டர் என்ற பெயரிலும் ஒரு விஷயம் இருக்கிறது. படத்துக்கு மூலமான 1968 நாவலை எழுதிய ஃபிலிப் கே. டிக்கின் இன்னொரு நாவல் ‘யூபிக்’. அதில் வரும் ஒரு முதலாளியின் பெயர் கிளென் ரன்சிட்டர். எழுத்தாளருக்குப் போட்ட சின்ன கும்பிடு.

●

யார் மனிதர், யார் ரெப்ளிகன்ட் என்பது பலர் விஷயத்தில் கேமைச் செய்தவர்களுக்கே முன்கூட்டித் தெரியாது! பிளேட் ரன்னரின் உயிர்நாடி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

நீங்கள் ஒவ்வொரு முறை ‘புதிய ஆட்டம்’ என்று அழுத்தும்போதும் கேம் உள்ளுக்குள் குலுக்கல் போடுகிறது. மிருகக் கடையில் வேலை பார்த்த லூசி என்ற சிறுமி, கிளப்பில் ஆடும் டெக்டோரா, மேடையில் ஜோக் சொல்லிப் பிழைக்கும் கோர்டோ ஆகியோரில் யார் மனிதர், யார் ரெப்ளிகன்ட் என்பது அந்தக் குலுக்கலைப் பொறுத்தது. கும்பலின் தலைவன் கிளோவிஸ் போன்ற சிலர் மட்டும் எப்போதும் ரெப்ளிகன்ட். மற்றவர்கள் விஷயத்தில் உங்கள் ஆட்டத்தின் உண்மை வேறு, உங்கள் நண்பருடைய ஆட்டத்தின் உண்மை வேறு. அவர் சொன்னதை நம்பி நீங்கள் துப்பாக்கியைத் தூக்கினால், சுட்டது ஒரு மனுஷியையாக இருக்கலாம்.

அப்படித் தவறு செய்தால் திரையில் சிவப்பாக எதுவும் மின்னாது. ‘தோற்றுவிட்டீர்கள்’ என்ற அறிவிப்பும் வராது. கதை நீங்கள் செய்ததைத் தலையில் சுமந்துகொண்டு மேலே போகிறது. கடைசியில் வரும் முடிவுகள் பத்துக்கும் மேல். மெக்காயே ரெப்ளிகன்ட்தானோ என்ற சந்தேகத்துக்கும் உங்கள் நடத்தையைப் பொறுத்து விடை மாறுகிறது. டெக்கார்ட் மனிதனா இல்லையா என்று ரசிகர்கள் வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க, கேம் அந்த வம்பை அப்படியே ஆடுகிறவர் மடியில் தூக்கிப் போட்டுவிட்டது. என் கணக்கில் படத்தைவிட இதுவே சாமர்த்தியம்.

●

அந்தக் காலத்து அட்வென்ச்சர் கேம்களில் ஒரு தொல்லை உண்டு. வழியில் கிடந்த கயிறு, உடைந்த கரண்டி, ரப்பர் வாத்து என்று கண்டதையெல்லாம் பையில் போட்டுக்கொண்டு, எதை எதன்மேல் தேய்த்தால் கதவு திறக்கும் என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். பிளேட் ரன்னரில் அந்தப் பையே கிடையாது. சேர்வதெல்லாம் துப்புகள் மட்டும்: ஒரு சாட்சியின் வாக்குமூலம், ஒரு புகைப்படம், தரையில் கிடந்த ஒரு துண்டு. எல்லாம் கே.ஐ.ஏ. என்ற கையடக்கக் கருவியில் தானாகப் பதிவாகிவிடும். யார் சம்பந்தப்பட்டது, எந்தக் குற்றத்தோடு சேர்வது என்று அதுவே பிரித்து வைக்கும். யோசிப்பதுதான் உங்கள் வேலை.

●

அதே கே.ஐ.ஏ.வில் மெக்காயின் குணத்தையும் நிர்ணயிக்கலாம். மரியாதையாகப் பேசு, வழக்கம்போல் பேசு, சிடுசிடு, எப்படி வேண்டுமானாலும் பேசு என்று நான்கு வகை. போதாதென்றால் ஒவ்வொரு கேள்வியையும் நாமே தேர்ந்தெடுக்கும் வசதி. சிடுசிடுவில் வைத்துவிட்டு ஒரு முறை ஆடிப்பாருங்கள். ஊரில் ஒருவரும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்!

●

படத்தில் ஒரு புகைப்படத்தைக் கருவியில் செருகி, உள்ளே உள்ளே போய், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பிடிப்பாரே டெக்கார்ட், நினைவிருக்கிறதா? அந்த ‘எஸ்பர்’ கருவி கேமில் உங்கள் கைக்கு வருகிறது. படத்தின் ஒரு மூலையில் மவுஸால் கட்டம் கட்டினால், கடகடவென்ற ஒலியோடு அந்த இடம் பெரிதாகிறது. அதற்குள் இன்னொரு கட்டம். மேசை ஓரம், மேசைக்குப் பின்னால் சுவர், சுவரோரம் பாதி மறைந்த ஒரு முகம். சரியான இடத்தைத் தொட்டுவிட்டால் அது தனிப் பிரதியாக அச்சாகி துப்புப் பட்டியலில் சேரும். தவறான இடமென்றால் புள்ளி புள்ளியாகக் கலங்கல்தான். ஒரே புகைப்படத்தில் இப்படி அரை மணி நேரம் மேய்வது அலுக்கவே அலுக்காது; இந்தக் கருவியை மட்டும் தனிக் கேமாக விற்றிருந்தாலும் வாங்கியிருக்கலாம்.

●

ஆள் மனிதரா ரெப்ளிகன்டா என்று கண்டுபிடிக்கும் வாய்ட் காம்ஃப் சோதனையும் உண்டு. எதிரே உட்கார்ந்தவரின் கண் திரையில் பெரிதாகத் தெரியும். நீங்கள் கேட்க வேண்டியது மிதமான கேள்வியா, நடுத்தரமா, காரமானதா என்று தேர்ந்தெடுக்கலாம். காரத்தைக் கூட்டினால் கருவியின் முள் வேகமாக நகரும். ஆனால் எதிரில் இருப்பவர் கடுப்பாகி எழுந்துவிட்டால் சோதனை அம்போ. போலீஸ் வேலையில் பேச்சு எத்தனை பெரிய கலை என்று இந்த ஒரே காட்சியில் காட்டிவிடுகிறார்கள்.

●

முதல் பெரிய முடிவு மிகச் சீக்கிரமே வந்துவிடும். துப்புகளைப் பிடித்துக்கொண்டு சைனா டவுனில் ஹோவி லீயின் உணவுக் கடைக்குப் போகிறீர்கள். சமையல்காரன் சூபனிடம் சாதாரணமாக இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்; அவ்வளவுதான். அவன் கொதிக்கும் பெரிய பாத்திரத்தை உங்கள் பக்கமாகக் கவிழ்த்துவிட்டு ஓட்டம் பிடிக்கிறான். சந்து பொந்தெல்லாம் துரத்தி, ஓட இடமில்லாத இடத்தில் நேருக்கு நேர் நிற்கிறீர்கள். சுடலாம். சுடாமல் துப்பாக்கியைத் தாழ்த்தி அவனை விட்டுவிடவும் செய்யலாம். இரண்டில் எது சரி என்று கேம் காதில் ஓதாது. முதல் முறை ஆடுகிறவர்கள் பெரும்பாலும் பதற்றத்தில் சுட்டுவிட்டு, பிறகுதான் ‘விட்டிருக்கலாமோ’ என்று யோசிப்பார்கள்.

●

நீங்கள் நடக்காவிட்டாலும் ஊர் நடக்கும். மற்ற பாத்திரங்கள் தங்கள் பாட்டுக்கு நகரத்தில் அலைகிறார்கள். கிரிஸ்டல் ஸ்டீல் என்ற சக காவலர் (ஈவு இரக்கம் என்றால் என்ன விலை என்று கேட்கும் ரகம்) அதே வழக்கைத் தனியாகத் துரத்திக்கொண்டிருப்பார். காவல் நிலையத்துக் கணினியில் உங்கள் துப்புகளை ஏற்றினால் அவை அவருக்கும் போய்ச் சேரும், அவருடையது உங்களுக்கு. எதை ஏற்றுவது, எதை அமுக்கி வைப்பது என்பதும் ஒரு யோசனைதான்.

●

இதைச் செய்தது யார் தெரியுமா? டாங்கிகளை அனுப்பி எதிரி முகாமைத் தகர்க்கும் ‘கமாண்ட் அண்ட் கான்கர்’ கேமால் உலகப் புகழ் பெற்ற வெஸ்ட்வுட் ஸ்டுடியோஸ். லாஸ் வேகஸில் இருந்த நிறுவனம். பிரெட் ஸ்பெர்ரியும் லூயிஸ் காஸ்டிலும் 1985-இல் ஆரம்பித்தது. பிளேட் ரன்னரைத் தலைமையேற்றுச் செய்தவர் காஸ்டில். போர் கேம்காரர்களிடம் இத்தனை நிதானமான ஒன்றை யாரும் எதிர்பார்க்கவில்லை. பலருக்குத் தெரியாமல் போனதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எனக்குப் படுகிறது. விருது கிடைக்காமலில்லை, இன்டராக்டிவ் கலை அறிவியல் அகாடமி அதை அவ்வாண்டின் சிறந்த கணினி அட்வென்ச்சராகத் தேர்ந்தெடுத்தது.

●

1997-இல் வீட்டுக் கம்ப்யூட்டர்களில் 3டி கார்டு என்பது அபூர்வப் பொருள். அதை நம்பி இறங்கினால் வாங்க ஆளிருக்காது. எனவே காஸ்டில் குழு பின்னணிகளை முன்கூட்டியே வரைந்து, மழை, புகை, நியான் விளக்கெல்லாம் அசையும்படி பதிவு செய்து வைத்தது. மனிதர்களை மட்டும் ‘வாக்ஸல்’ என்ற சிறு சிறு கனத் துணுக்குகளால் செய்து, கம்ப்யூட்டரின் சாதாரண பிராசஸரே கணக்குப் போட்டு நடக்கவிடும்படி அமைத்தது. தூரத்தில் நிற்கும்போது அற்புதம். கேமராவை நெருங்கினால் மெக்காயின் முகம் ரவை உப்புமா! இத்தனையையும் அடைக்க நான்கு சிடி தேவைப்பட்டது. ஊரின் ஒரு பகுதியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது சிடியை மாற்றிப் போட்ட தலைமுறை ஒன்று உண்டு.

●

படத்துக்கு வேஞ்செலிஸ் போட்ட இசை கேமிலும் வருகிறது. ஆனால் ஒலிப்பதிவு அவருடையதல்ல. மூலப் பதிவு கைக்குக் கிடைக்காததால், வெஸ்ட்வுட்டின் இசையமைப்பாளர் ஃபிராங்க் கிளெபாக்கி காதால் கேட்டுக் கேட்டே அதைத் திரும்ப வாசித்தார். ‘ரெட் அலெர்ட்’ கேமின் அதிரடி இசைக்காரரும் அவரேதான் என்றால் நம்பச் சற்றுக் கஷ்டம்.

●

டெக்கார்டாக நடித்த ஹாரிசன் ஃபோர்டும், ரெப்ளிகன்ட் தலைவனாக நடித்த ரட்கர் ஹாவரும் குரல் கொடுக்க வரவில்லை. ஆனால் படத்தில் நடித்த ஐந்து பேர் வந்தார்கள்: ஷான் யங், ஜோ டர்கல், வில்லியம் சாண்டர்சன், பிரையன் ஜேம்ஸ், ஜேம்ஸ் ஹாங். ஹாங் நடித்த, ரெப்ளிகன்ட்களுக்குக் கண் செய்யும் ஹானிபல் சூ தாத்தா பதினைந்து வருடம் கழித்து அதே குரலில் புலம்புவதைக் கேட்கவே ஒரு தடவை ஆடலாம். லூசிக்குக் குரல் கொடுத்த பாலி பெரெட், பிற்பாடு ‘என்.சி.ஐ.எஸ்.’ தொடரால் வீட்டுக்கு வீடு தெரிந்த முகமானார்.

●

இதற்கு முன்னால் 1985-இலேயே ஒரு ‘பிளேட் ரன்னர்’ கேம் வந்தது. பிரிட்டனின் சி.ஆர்.எல். நிறுவனம் கொமடோர் 64 போன்ற கணினிகளுக்குச் செய்தது. படத்தின் உரிமை கிடைக்கவில்லை. இசையின் உரிமை கிடைத்தது! ஆகவே, ‘வேஞ்செலிஸின் இசையைத் தழுவிய வீடியோ கேம்’ என்று சொல்லி விற்றார்கள். சட்டத்துக்குச் சட்டமும் ஆச்சு, வியாபாரத்துக்கு வியாபாரமும் ஆச்சு.

●

வெஸ்ட்வுட்டை 1998-இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வாங்கியது. 2003-இல் இழுத்து மூடியது. லாஸ் வேகஸிலிருந்து மூட்டை கட்டிய அந்தக் களேபரத்தில் பிளேட் ரன்னரின் மூல நிரல் தொலைந்துபோனது. புது விண்டோஸ் வர வர, பழைய சிடிகள் முரண்டு பிடித்தன. கடையிலும் கிடையாது. கையில் வைத்திருந்தவர்களுக்கும் ஓடாது.

அப்போது கைகொடுத்தது ‘ஸ்கம் வி.எம்.’ பழைய அட்வென்ச்சர் கேம்களைப் புது இயந்திரங்களில் ஓடவைப்பதற்காக 2001-இல் தொடங்கிய இலவச மென்பொருள் அது. அதன் தன்னார்வலர்கள், மூல நிரல் இல்லாமல், சிடியில் இருந்த முடிந்த கேமைப் பிரித்துப் பார்த்து, ஒவ்வோர் அசைவும் எப்படி நடக்கிறது என்று ஊகித்து, முழுவதையும் திரும்ப எழுதினார்கள். எட்டு வருடத்துக்கும் மேல் இழுத்த வேலை. சம்பளம் கிடையாது. வெஸ்ட்வுட்டே வெட்டி எறிந்திருந்த சில காட்சிகள்கூட சிடிக்குள் ஒளிந்திருந்ததைத் தோண்டி எடுத்து, வேண்டுபவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று தனி வசதியாகச் சேர்த்திருக்கிறார்கள்.

வேலை முடிந்து வெளியானது 2019 அக்டோபர். அந்த டிசம்பரில் ஜி.ஓ.ஜி. தளத்தில் கேம் விற்பனைக்கே வந்துவிட்டது. கதை நடக்கும் மாதமான 2019 நவம்பரில், மெக்காய் உலகெங்கும் புதிய கணினிகளில் திரும்ப நடந்துகொண்டிருந்தார். திட்டமிட்டால்கூட இப்படி அமையாது.

●

2022 ஜூனில் நைட்டைவ் ஸ்டுடியோஸ் ‘மேம்படுத்தப்பட்ட பதிப்பு’ என்று ஒன்றை வெளியிட்டது. மழையின் நேர்த்தியும் சிகரெட் புகையின் மெல்லிய கோடும் மழுங்கிப்போய், பழசே தேவலை என்று வாங்கியவர்கள் கொதித்தார்கள். பழைய பதிப்பைத் தனியாக விற்பதை நிறுத்தியிருந்த ஜி.ஓ.ஜி. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று. நீங்கள் வாங்குவதாக இருந்தால் பழசையே வாங்குங்கள்.

●

இனி பங்காளிகள். டெக்ஸ் மர்ஃபி என்ற தனியார் துப்பறிவாளர், மூன்றாம் உலகப் போருக்குப் பிந்தைய சான் ஃபிரான்சிஸ்கோவில் கடனோடும் தொப்பியோடும் திரிபவர். 1989-இன் ‘மீன் ஸ்ட்ரீட்ஸ்’ முதல் கேம். 1994-இன் ‘அண்டர் எ கில்லிங் மூன்’ நிஜ நடிகர்களைப் படம் பிடித்துச் செய்தது. டெக்ஸாக நடித்த கிறிஸ் ஜோன்ஸ் நடிகரல்ல. கேமைத் தயாரித்த ஆக்சஸ் நிறுவனத்தில் கணக்கு வழக்குப் பார்த்த அதிகாரி! அதே கேமில் பிரபல நடிகர்கள் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸும் மார்கோ கிடரும் இருக்கிறார்கள். 2014-இல் ‘டெஸ்லா எஃபெக்ட்’ வந்தபோதும் டெக்ஸ் அவரேதான். ரசிகர்கள் கிக்ஸ்டார்ட்டரில் ஆளுக்குக் கொஞ்சமாகப் போட்ட பணத்தில் பிறந்த கேம் அது.

●

இன்னொரு கிறிஸ் ஜோன்ஸ் இருக்கிறார். பிரிட்டன்காரர். யார் வேண்டுமானாலும் அட்வென்ச்சர் கேம் செய்ய உதவும் ‘அட்வென்ச்சர் கேம் ஸ்டுடியோ’ என்ற இலவச மென்பொருளை எழுதியவர். அதை வைத்து ஜோஷுவா நூர்ன்பெர்கர் என்ற கல்லூரி மாணவர் செய்த ‘ஜெமினி ரூ’ 2011-இல் வெளியானது. பராகஸ் என்ற கிரகம். அங்கேயும் அடை மழை. முன்னாள் கொலையாளி ஒருவர் போலீஸாகி ஆள் தேடுகிறார். படங்கள் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். பத்து நிமிடம் போனால் கண்ணுக்குப் பழகிவிடும்.

●

2015-இன் ‘டெக்னோபாபிலோன்’ கதை நடப்பது 2087-இல், நியூட்டன் என்ற நகரில். நகரத்தை நிர்வகிப்பது ஒரு செயற்கை மூளை. அதற்காக வேலை பார்க்கும் துப்பறிவாளர் சார்லஸ் ரெஜிஸுக்கு இயந்திரம் என்றாலே ஆகாது. கதையின் மற்றொரு நாயகி, எந்நேரமும் மெய்நிகர் உலகில் மூழ்கிக் கிடக்கும் ஓர் அநாதைப் பெண். பெயர் லதா. நம் தெருவில் கூப்பிட்டால் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் பெயர், அத்தனை வருடத்துக்கு அப்பால் நியான் வெளிச்சத்தில் நிற்பது ஒரு தனி சந்தோஷம்.

●

ரட்கர் ஹாவர் பிளேட் ரன்னர் கேமுக்கு வரவில்லை என்றோமே, 2017-இல் ‘அப்சர்வர்’ என்ற போலந்து நாட்டுக் கேமில் துப்பறிவாளர் லசார்ஸ்கியாக வந்தார். 2084-ஆம் ஆண்டின் கிராக்கவ் நகரம்; பிறர் மூளைக்குள் புகுந்து விசாரிக்கும் வேலை. இது கிளிக் செய்யும் ரகம் அல்ல, நாமே நடந்து பார்க்கும் ரகம். படத்தில் ஹாவரின் ராய் பேட்டி இறப்பது 2019-இல். ஹாவர் காலமானதும் 2019-இல்தான்.

●

இந்தப் பங்காளிகளில் மூத்தது ஜப்பானின் ‘ஸ்னாட்சர்’. ‘மெட்டல் கியர்’ புகழ் ஹிடியோ கோஜிமா கோனாமிக்காக 1988-இல் செய்தது. மனிதர்களைக் கொன்று அவர்கள் உருவிலேயே உலவும் இயந்திரங்கள், நியோ கோபே நகரம், கில்லியன் சீட் என்ற நீள்கோட்டுத் துப்பறிவாளர் என்று பிளேட் ரன்னர் படத்தின் பாதிப்பை ஒளிக்கவே இல்லை. ஆங்கிலத்தில் 1994-இல் சேகா சிடி இயந்திரத்துக்கு மட்டும் வந்தது. அந்த இயந்திரம் அப்போதே கடைசி மூச்சில் இருந்ததால் வாங்கியவர்கள் சொற்பம். துப்பாக்கிக் கருவியை டிவியை நோக்கிப் பிடித்துச் சுடும் வசதிகூட அதில் இருந்தது.

அதில் ஒரு குறும்பு. கில்லியனோடு கூடவே வரும் குட்டி ரோபோ, ஏதோ மெல்லிய சத்தம் கேட்கிறது, ஒலியைக் கூட்டுங்கள் என்கிறது. நாமும் எழுந்து போய் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிட்டு உன்னிப்பாகக் கேட்போம். சற்று நேரத்தில் குண்டு வெடிக்கும். நள்ளிரவில், வீட்டார் தூங்கும்போது ஆடுகிறவர்கள் அந்த இடத்தில் மட்டும் ரோபோ பேச்சைக் கேட்க வேண்டாம்.